கடனுக்கு அழைக்கும் எழுத்து

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒரு சகோதரர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதை விட்டு விடுகிறோம். அவருடைய வாப்பாவும் பாட்டனாரும் காயல்பட்டினத்தில் கல் வியாபாரம் செய்தவர்கள். இவர் செய்வது வேறு தொழில். வீடு வாங்க விரும்புகிறவர்களுக்கு அடமானக் கடன் ஏற்பாடு செய்து கொடுக்கும் அதிகாரி. கடன் கொடுப்பது அவருடைய பணமல்ல, நிறுவனத்தின் பணம். விண்ணப்பத்தை வாங்கி, சம்பளச் சீட்டுகளைச் சரிபார்த்து, எந்தக் கடன் எவருக்குப் பொருந்தும் என்று சொல்லி, பத்திரம் முடிகிற நாளில் கடன் தொகையின் மீது ஒரு சதவீதம் கமிஷன் பெறுகிறார். 3 லட்சம் டாலர் கடன் முடிந்தால் இவருக்கு 3,000 டாலர்.

முன்பெல்லாம் இத்தொழிலில் உள்ளவர்கள் வீட்டுத் தரகர்களின் அலுவலகங்களுக்குத் தின்பண்டப் பெட்டியும் விலாசச் சீட்டும் கொண்டு போய்க் காத்திருப்பார்களாம். இப்போது மேலதிகாரிகள் வேறு பாடம் சொல்லித் தருகிறார்கள். “விற்காதே, கற்றுக் கொடு. வாரம் ஒரு கட்டுரை எழுது. வீடு வாங்குவது எப்படி, முன்பணம் சேர்ப்பது எப்படி, கடன் நாணய மதிப்பெண்ணை உயர்த்துவது எப்படி என்று மக்களுக்குப் பயன்படும்படி எழுது. படித்தவர்கள் உன்னை நம்புவார்கள். நம்பியவர்கள் உன்னிடமே வருவார்கள்.” இதற்கு ‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ என்று பெயர். நம் சகோதரருக்கு எழுத்து நன்றாக வருகிறது. இரண்டு ஆண்டுகளாக எழுதுகிறார். அவர் தொழுகைக்குச் செல்லும் மஸ்ஜிதில் உள்ள குடும்பங்களும் அவற்றைப் படிக்கின்றன. அவர்களில் சிலர் அவர் மூலமாகவே கடன் வாங்கி வீடும் வாங்கியிருக்கிறார்கள்.

இனி அவருடைய கேள்வி, அவருடைய வார்த்தைகளிலேயே:

“நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. எழுதியதை எங்கள் அலுவலகத்தில் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு கட்டுரையை முடிக்கும்போதும் மனம் உறுத்துகிறது. பொய்யில்லாத இடத்தில் மோசடி இருக்க முடியுமா? நான் கையெழுத்துப் போடுகிறவனுமல்ல, வட்டி வாங்குகிறவனுமல்ல. வெறும் எழுத்துக்கு அல்லாஹ்விடம் என்ன கணக்கு இருக்கிறது?”

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று வட்டியைப் பற்றியது. மற்றொன்று, வாங்குகிறவனை நோக்கி எழுதுகிறவனுடைய நேர்மையைப் பற்றியது. முதல் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லி, “சகோதரரே, வட்டி ஹராம், வேலையை விட்டுவிடுங்கள்” என்று கடிதத்தை மூடிவிட நமக்குத் தெரியாமலில்லை. நம்மில் பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அவர் அந்த வேலையை விட்டு வேறொரு நிறுவனத்துக்கு, வட்டியே இல்லாத நிறுவனத்துக்குப் போனாலும், இரண்டாவது கேள்வி அவருக்கு முன்பாகவே அங்கே போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே அதை முதலில் எடுத்துக் கொள்கிறோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதற்குள் கையை நுழைத்த நிகழ்ச்சியை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்கிறவர் தம்மைச் சேர்ந்தவரல்ல என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸை அளவை, நிறுவை, கலப்படம் பற்றிப் பேசும்போது சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை! கேட்டவுடன் உண்மையைச் சொன்னார். அதற்கு முன்பு அவர் வாயைத் திறந்ததாகவே இல்லை. அவர் செய்ததெல்லாம் ஓர் அடுக்கு வேலை. காய்ந்தது மேலே, ஈரமானது கீழே. அந்த அடுக்குதான் மோசடி என்று தீர்ப்பாயிற்று.

இப்போது நம் சகோதரர் நமக்கு மாதிரிக்கு அனுப்பியிருக்கும் கட்டுரைகளுக்கு வருவோம். அவற்றில் ஒன்று, வாடகை கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது, தவணை கட்டுவது சொந்தச் சுவரில் செங்கல் வைப்பது என்ற கருத்தை அழகாக விளக்குகிறது. படித்தபோது நமக்கே ஒரு வீடு வாங்கிவிடலாமா என்று தோன்றியது! பொய் இருக்கிறதா? இல்லை. ஆனால் குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்போம்.

3 லட்சம் டாலர் கடன், 30 ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 7 சதவீத நிலையான வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 1,996 டாலர். முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 1,750 டாலர் வட்டிக்குப் போய்விடுகிறது. அசலில் கழிவது 246 டாலர்தான். பத்து ஆண்டுகள் ஒரு தவணை தவறாமல் கட்டினால் கையை விட்டுப் போயிருப்பது சுமார் 2 லட்சத்து 39 ஆயிரத்து 500 டாலர். அதன் பிறகும் பாக்கி 2 லட்சத்து 57 ஆயிரத்துக்கு மேல் நிற்கும். முப்பது ஆண்டும் கட்டி முடித்தால் மொத்தம் 7 லட்சத்து 18 ஆயிரத்து 500 டாலர், அதாவது வாங்கிய கடனை விட அதிகமாக வட்டியே 4 லட்சத்து 18 ஆயிரத்து 500. இதோடு வீட்டு வரி, காப்பீடு, கூரை ஒழுகினால் பழுது பார்க்கும் செலவு. செங்கல் வைப்பது உண்மைதான். ஆனால் முதல் பத்தாண்டில் எட்டுக் காசுக்கு ஏழு காசு என்ற கணக்கில் தொடங்கி, பெரும் பகுதி வாடகையைப் போலவே போய்விடுகிற பணம் என்பது கட்டுரையில் எங்குமில்லை. வாடகையில் போகிற பணத்தை ‘வீண்’ என்று எழுதிய பேனா, வட்டியில் போகிற பணத்துக்குப் பெயரே வைக்காமல் விட்டுவிட்டது. காய்ந்தது மேலே, ஈரமானது கீழே.

இன்னொரு கட்டுரையில் 6.5 சதவீதத்துக்குக் கடன் கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. இரண்டு ‘பாயிண்ட்’ கட்டினால் அந்த விகிதம் என்பது கீழே சிறிய எழுத்தில் வருகிறது. ஒரு பாயிண்ட் என்பது கடன் தொகையில் ஒரு சதவீதம். ஆக 3 லட்சத்துக்கு 6,000 டாலர் முன்கூட்டியே கட்ட வேண்டும். 7 சதவீதத்திலிருந்து 6.5-க்கு இறங்கினால் மாதம் மிச்சமாவது சுமார் 100 டாலர். கட்டிய 6,000 திரும்பி வர அறுபது மாதம், ஐந்து ஆண்டு ஆகும். அந்நாட்டில் வேலை மாறி ஊர் மாறுகிறவர்கள் ஏராளம். மூன்றாம் ஆண்டில் வீட்டை விற்றுவிட்டுப் போகிற குடும்பத்துக்கு அந்தக் குறைந்த வட்டி நஷ்டமே. இந்த ஒரு கணக்கை எழுத மூன்று வரி போதும். ஆனால் எழுதினால் தொலைபேசி அடிப்பது குறைந்துவிடும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

விலைக்கு நிற்கும் ஆட்டின் மடியைக் கட்டிவைத்துப் பால் சேர விட்டு, நிறையக் கறக்கும் ஆடு என்று வாங்குகிறவர் நினைக்கும்படி செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாள் வரை ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் ஹதீஸில் வருகிறது. அதிலும் வாய்ப் பொய் எதுவுமில்லை. மடி பேசியது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2004 முதல் 2006 வரையிலான ஆண்டுகளில் ஏராளமாக விற்கப்பட்ட ஒரு வகைக் கடனை நினைக்கும்போது நமக்கு இந்தக் கட்டிய மடி நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுக் கடன். அதில் முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும் குறைந்த வட்டி. மீதி இருபத்தெட்டு ஆண்டும் சந்தை எப்படி ஏறினால் அப்படி ஏறும் வட்டி. விளம்பரத்தில் முதல் இரண்டு ஆண்டின் தவணை பெரிதாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் தவணை ஏறியபோது கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள் எத்தனையோ பேர். 2008-இல் உலகத்தையே ஆட்டிய பொருளாதார வீழ்ச்சிக்கு இத்தகைய கடன்கள் முக்கியமான காரணம். ஆச்சரியம் என்னவென்றால், அந்நாட்டுச் சட்டத்திலும் மூன்று நாள் உரிமை ஒன்று இருக்கிறது. குடியிருக்கும் வீட்டின் பேரில் மறுகடன் வாங்குகிறவர் கையெழுத்திட்ட பின் மூன்று வேலை நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்துவிடலாம். ஆனால் வீடு வாங்குவதற்கென்று எடுக்கும் கடனுக்கு அந்த உரிமை கிடையாது. முதல் முறை வாங்குகிறவர்தானே அதிகம் ஏமாறுகிறவர்!

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். சகோதரரும் அதை எழுதியிருக்கிறார். “சட்டம் எல்லாவற்றையும் வெளியே கொண்டு வந்துவிடுகிறதே, பிறகு நான் மறைத்தால் என்ன?” உண்மைதான். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு விளம்பரத்தில் முன்பணம், தவணைத் தொகை, தவணைக் காலம் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொன்னால், மற்ற நிபந்தனைகளையும் செலவுகள் சேர்த்த ஆண்டு விகிதத்தையும் சொல்லியே தீர வேண்டும். அடமானக் கடன் விளம்பரத்தில் தவறான தோற்றம் தரக் கூடாதென்று 2011-இல் தனி விதியே வந்தது. வட்டியை ஏற்றிக் காட்டினால் அதிகாரிக்குக் கமிஷன் கூடும் என்ற பழைய வழக்கமும் அதே ஆண்டில் தடை செய்யப்பட்டது. விண்ணப்பம் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் செலவு மதிப்பீட்டுத் தாள் அனுப்பப்பட வேண்டும், பத்திரம் முடிவதற்கு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே இறுதிக் கணக்கு கையில் இருக்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறை. நம் நாடுகளில் இவ்வளவு இல்லையே என்று நமக்கே ஒரு பெருமூச்சு வருகிறது.

ஆயினும் கவனியுங்கள். அந்தத் தாள் எப்போது வருகிறது? குடும்பம் வீட்டைப் பார்த்து, எந்த அறை எந்தப் பிள்ளைக்கு என்று பேசி முடித்து, ஊரில் உள்ள உம்மாவுக்குப் படம் அனுப்பிய பிறகு வருகிறது. கட்டுரையோ ஆறு மாதத்துக்கு முன்பே போய் அவர்களைச் சந்தித்துவிட்டது.

சந்திப்பு என்று சொல்லும்போது மற்றொரு தடை நினைவுக்கு வருகிறது. கிராமத்திலிருந்து சரக்குடன் வரும் ஒட்டகக் கூட்டத்தைப் பட்டணத்துக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை நிலவரம் தெரிவதற்கு முன்பாக வாங்கிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ‘தலக்கி’ என்று பெயர். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை நிலவரம் அறிந்தால் வியாபாரத்தை முறிக்க அவருக்கு உரிமை உண்டு. எதிர்கொண்டு போனவர் குறைந்த விலை கேட்டதில் பொய் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரியாதவனைத் தெரியாத நிலையிலேயே பிடித்ததுதான் குற்றம். சந்தைக்கு வந்தபின் முறிக்கும் உரிமை இருக்கிறதே என்பதால், எதிர்கொண்டு போனவருடைய பாவம் இல்லாமல் போகவில்லை. மூன்று நாள் முன்னதாக வரும் தாள் அமெரிக்கச் சட்டம் கொடுக்கும் உரிமை. நல்லதுதான். அது எழுதினவருடைய கணக்கைத் தீர்க்காது.

ஆனால் அதே பாதையில் வேறு விதமாகவும் எதிர்கொண்டு போகலாம் அல்லவா? “ஐயா, சந்தையில் இன்று கோதுமை இன்ன விலை, நிதானமாகப் போங்கள்” என்று சொல்வதற்காகவும் ஒருவர் பட்டணத்தின் வெளி வாசலில் நிற்கலாம். இந்த இடத்தில்தான் எழுத்துத் தொழிலுக்கு ஒரு கண்ணியம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பற்றிச் சொல்லும்போது, சரக்கில் இல்லாததைச் சொல்லிப் புகழ்வது பொய் என்கிறார்கள். இருப்பதைச் சொல்லிப் புகழ்ந்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்கே தெரிகிற விஷயமென்றால் அது வீண் பேச்சு என்கிறார்கள். ஆனால் சொன்னாலொழிய வாங்குகிறவருக்குத் தெரியாத தன்மைகளை மிகைப்படுத்தாமல் எடுத்துச் சொல்வதில் தவறில்லை என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார்கள். அந்த வாசல் வழியாக நுழைகிற எழுத்து நல்ல எழுத்து. அப்படி நுழைகிறவர் குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் அதே இடத்தில் அவர்கள் வைக்கும் நிபந்தனை.

வாங்குகிறவரும் விற்கிறவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதில் உண்மை பேசுவது ஒன்று, தெளிவுபடுத்துவது வேறொன்று என்று இரண்டாகச் சொல்லப்பட்டிருப்பதைச் சகோதரர் கவனிக்க வேண்டும். அவர் முதலாவதைச் செய்திருக்கிறார். அவருடைய மனம் உறுத்துவது இரண்டாவதற்காக.

அப்படித் தெளிவுபடுத்தினவர்கள் நம் முன்னோர்களில் உண்டா என்றால், உண்டு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள துணி ஒன்றைச் சுட்டிக்காட்டி விற்கும்படி தம் கூட்டாளியிடம் சொல்லியிருந்தார்கள். அவர் மறந்து சொல்லாமல் விற்றுவிட்டார், வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. அங்கும் யாரும் பொய் சொல்லவில்லை, மறதிதான். இவ்வளவு தூரம் போவானேன்? நம் சகோதரருடைய பாட்டனார் கல்லைக் காகிதத்திலிருந்து எடுத்தவுடன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே இருக்கும் கீறலைத் தாமே காட்டிவிட்டுத்தான் விலை பேசுவாராம். கடிதத்தில் அவரே பெருமையோடு எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்திலேயே இந்தக் கேள்வியையும் கேட்கிறார்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாங்குகிறவர் முஸ்லிமாக இருந்தால் ஒரு நீதி, மற்றவராக இருந்தால் வேறு நீதி என்று நம்மில் சிலர் வாய்விட்டுச் சொல்லாமல் நினைக்கிறார்கள். அந்தத் தானியக் குவியலை வாங்க வந்தவர் யார் என்று ஹதீஸில் கேட்கப்படவில்லை. அந்நாட்டில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவில் வைக்கலாம். 2004 முதல் 2008 வரை ஒரு பெரிய கடன் நிறுவனம் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின, லத்தீன் மக்களிடம், அதே தகுதியுள்ள வெள்ளையரைவிட அதிகக் கட்டணமும் வட்டியும் வாங்கியது என்று அந்நாட்டு நீதித்துறை குற்றம் சாட்டியது. 2011 டிசம்பரில் 335 மில்லியன் டாலர் கொடுத்து வழக்குத் தீர்க்கப்பட்டது. அந்தக் குடும்பங்களிடம் பேசிய அதிகாரிகள் அன்பாகத்தான் பேசியிருப்பார்கள். நம்மவரே, நம் மொழிக்காரரே என்று நம்பி வருகிறவரிடம்தான் குவியலைக் கிளறிப் பார்க்கும் வழக்கம் குறைவு. மஸ்ஜிதின் முதல் வரிசையில் நிற்கிறவர் எழுதியது என்பதற்காகவே அந்தக் கட்டுரைகளை நம்பிய குடும்பங்கள் இருக்கின்றன என்றால், அந்த நம்பிக்கை அவரிடம் வந்திருக்கும் அமானத்.

இனி வட்டி. வட்டி வாங்குகிறவர், கொடுப்பவர், அதை எழுதுகிறவர், அதன் இரு சாட்சிகள் ஆகியோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் எல்லோரும் சமமானவர்கள் என்றும் சொன்னதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை அவர் அறிவார். ‘எழுதுகிறவர்’ என்ற சொல்தான் அவரை உறங்க விடாதது. பத்திரத்தை எழுதுகிறவரைத்தானே அது குறிக்கிறது, கட்டுரை எழுதுகிறவரையும் குறிக்குமா என்று கேட்கிறார். சொல்லின் நேரான பொருளில் அது கடன் பத்திரத்தை எழுதுகிறவரையே குறிக்கிறது. ஆனால் எழுதுகிறவரும் சாட்சியும் ஏன் அந்த வரிசையில் வைக்கப்பட்டார்கள்? பணத்தைத் தொடாதவர்களாயினும், அந்தக் காரியம் நிறைவேற உதவுகிறவர்கள் என்பதால்தான். பத்திரம் எழுதுகிறவர் முடிவு செய்துவிட்டு வந்தவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார். கட்டுரை எழுதுகிறவரோ முடிவையே உண்டாக்குகிறார். எது நெருங்கிய உதவி என்று அவரே யோசிக்கட்டும். இதற்கு அப்பால் நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மேலும், அவருடைய வேலை எழுத்தோடு நிற்பதில்லை. விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுப்பதும் அவர்தான். அதை அவர் கடிதத்தில் கொஞ்சம் மறந்துவிட்டாற்போல் தெரிகிறது.

மேல்நாட்டு முஸ்லிம்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டே என்று அவர் எழுதியிருப்பதும் உண்மை. மறைந்த யூசுஃப் அல்கர்ளாவி (ரஹ்) அவர்களின் தலைமையில் இயங்கிய ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 1999-இல், வட்டியில்லாத வழி கிடைக்காத நிலையில், குடியிருப்பதற்கு வேறு வீடில்லாத குடும்பம் வங்கிக் கடனில் ஒரு வீடு வாங்கிக்கொள்ளலாம் என்று பெரும்பான்மைக் கருத்தாக வெளியிட்டது. உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை, இன்றும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அந்த வாதத்துக்குள் நாம் நுழையப் போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். அந்தச் சலுகை எதன் மேல் நிற்கிறது? தேவையின் மேல். ‘வேறு வழியில்லை, தேவை கடுமையாக இருக்கிறது’ என்ற குடும்பத்துக்காகச் சொல்லப்பட்டது. விளம்பர எழுத்தின் வேலை என்ன? தேவை இல்லாதவருக்குத் தேவை இருப்பதாகத் தோன்றச் செய்வது. வாடகை வீட்டில் நிம்மதியாக இருப்பவரை நிம்மதியில்லாமல் ஆக்குவது. மூன்று அறை போதும் என்றிருந்தவரை நான்காவது அறையைப் பற்றி யோசிக்க வைப்பது. கடன் பெரிதானால் கமிஷனும் பெரிதாகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பசித்தவனுக்குக் கிடைத்த சலுகையை, பசியை உண்டாக்குகிறவன் தன் கடைக்கு உரிமமாக மாட்டிக்கொள்ள முடியுமா?

அவருடைய நிலைமையும் நமக்குத் தெரியும். இரண்டு குழந்தைகள், ஊரில் வயதான உம்மா, அவருக்கே ஒரு வீட்டுக் கடன். வேலையை விட்டு நாளையே வெளியே வாருங்கள் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது நமக்குச் சுலபம். ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நம்புகிறவர்கள்தாம் நாம். எனினும் அதை நம்மைவிட அவர் நம்ப வேண்டியிருக்கும் நாட்கள் வரும் என்பதையும் மறந்து பேசக் கூடாது. அவர் ஊரிலேயே வட்டிக்குப் பதிலாகக் கூட்டு உரிமை முறையில் வீடு வாங்கித் தரும் நிறுவனம் ஒன்று இருப்பதாகவும், அங்கே இடம் கிடைக்கும், ஆனால் வருமானம் குறையும் என்றும் எழுதியிருக்கிறார். அந்நாட்டில் இத்தகைய முயற்சிகள் புதியவையல்ல. 1987-லேயே கலிஃபோர்னியாவில் ‘லாரிபா’ தொடங்கப்பட்டது. குவைத் ஐக்கிய வங்கியின் நியூயார்க் கிளைக்கு, வாடகை முறையிலும் வாங்கி விற்கும் முறையிலும் வீட்டு நிதி அளிக்க வங்கி மேற்பார்வை அலுவலகம் 1997-லும் 1999-லும் வழிவிட்டது. நிறுவனமும் குடும்பமும் சேர்ந்து வீட்டை வாங்குவது, குடும்பம் நிறுவனத்தின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்வது என்ற முறை 2002 முதல் பரவியது. போக முடியுமானால் போங்கள் என்பதே நம் கருத்து.

ஆனால், முன்பே சொன்னபடி, கேள்வி அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். ‘ஹலால்’ என்ற சொல்லைப் போல முஸ்லிமின் கையைக் குவியலுக்குள் போகாமல் தடுக்கும் சொல் வேறொன்றுமில்லை. அந்த ஒரு சொல்லைப் பெரிதாகப் போட்டுவிட்டால் நம் மக்கள் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. அங்கே எழுதும்போது அவர் மேலே வைக்க வேண்டிய ஈரங்கள் இவை: மாத வாடகை பெரும்பாலும் சந்தை வட்டியை அளவுகோலாகக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது, ஆகவே மாதம் கட்டும் தொகை வங்கிக் கடனுக்கு ஏறக்குறைய சமமாகவோ சற்றுக் கூடவோ வரலாம், வீட்டின் விலை இறங்கினால், அல்லது தவணை நின்று வீடு விற்கப்பட்டால், நஷ்டத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது, அதைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. இவற்றை மறைத்துவிட்டு ‘ஹலால்’ என்று எழுதினால், கட்டிய மடிக்கு ஒரு பச்சைத் துணி போர்த்தியதாகவே ஆகும்.

அதுவரை, இருக்கும் இடத்தில் இருக்கும் நாட்களில் என்ன எழுதுவது? அவர் நேரடியாகக் கேட்டிருப்பதால் நாமும் நேரடியாகச் சொன்னோம். எழுதினால் உங்களுக்குக் காசு வராத விஷயம் எது என்று பாருங்கள், அதை எழுதுங்கள். உதாரணமாக, முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டு வாங்குகிறவர்கள், கடன் கொடுத்தவரைக் காப்பதற்கான ஒரு காப்பீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் காப்பீடாக இருந்தால், பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் அதை நிறுத்தும்படி எழுதிக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் ஒழுங்காகக் கட்டிவருகிறவருக்கு 78 சதவீதத்தில் தானாக நிறுத்தப்பட வேண்டும். கேட்கலாம் என்பது தெரியாமலே இடைப்பட்ட மாதங்களுக்கும் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. ஏற்கெனவே அவர் மூலம் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு இதை எழுதினால் ஒரு டாலர் கமிஷன் வராது. அதே போல, வாடகையையும் தவணையையும் ஒப்பிடும் அந்தக் கட்டுரையை மேலே நாம் போட்ட கணக்கோடு மறுபடியும் எழுதும்படி சொன்னோம். முதல் மாத வட்டியை முதல் பத்தியிலேயே வைக்கும்படியும் சொன்னோம். பழைய கமிஷனைப் பற்றி அவர் கேட்டதற்கு, அவர் ஊர் ஆலிமிடம் நேரில் உட்கார்ந்து விவரமாகப் பேசும்படி எழுதினோம். அது பத்திரிகையில் தீர்க்கும் விஷயமல்ல.

இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. திருத்தி எழுதிய கட்டுரையை அலுவலகத்தில் சட்டம் பார்ப்பவர்கள் உடனே அனுமதித்துவிட்டார்களாம். மேலதிகாரி மட்டும், இதைப் படித்தால் யார் கடன் வாங்குவார்கள் என்று கேட்டாராம். மஸ்ஜிதுக்கு வரும் ஒரு குடும்பம் அதைப் படித்துவிட்டு, இன்னும் இரண்டு ஆண்டு வாடகை வீட்டிலேயே இருந்து முன்பணம் சேர்ப்பது என்று முடிவு செய்துவிட்டது. அந்த மனிதர் ஜும்ஆவுக்குப் பிறகு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாராம். அந்த மாதம் இவருக்கு முடிந்தது ஒரே ஒரு கடன். கூட்டு உரிமை நிறுவனத்துக்கு மனுப் போட்டிருப்பதாகவும், வருமானம் குறைவதைப் பற்றி மனைவியிடம் இன்னும் பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.